ரெண்டு ராஜகனி

இருங்க அண்ணாச்சி, இருங்க. ஆள் யாரும் வரல, நான் ஒத்தையாளுதான். பைய நான் மடியில வச்சிக்கிடுதேன். ஜன்னலோரம் வேணும்னாலும் இருந்துக்கிடுங்க. எனக்கு இந்த ரோட்டுல புதுசாப் பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல. சர்வீஸ் பூரா டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவன் நான். தவசிலிங்கம்னா பழைய டிரைவர், கண்டக்டர் அம்புட்டுப் பேருக்கும் தெரியும். நான் விசிலை வாயில வச்சிட்டேன்னா ஸ்டாண்டுல ஒரு வண்டி நிக்காது. இப்பம் பாருங்க, எடுக்க வேண்டிய நேரம் தாண்டிட்டு, டிரைவர் டீக்கடை வாசல்ல நின்னு வடையப் பிச்சித் தின்னுக்கிட்டு இருக்கான். கேக்க ஆளில்ல. சவம், அது கெடக்கட்டும்.

நீங்க தென்காசியா? நான் பாவூர்சத்திரத்துல இறங்கணும். எம் பொண்டாட்டி ராஜகனி அங்கன அவ தங்கச்சி வீட்ல இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன்.

சண்டையெல்லாம் இல்ல அண்ணாச்சி. சண்டைன்னாக்கூடப் பரவால்லியே, நாலு நாள்ல தீந்துரும். இது முட்டி. வலது முட்டியில தேஞ்சதை எடுத்துட்டுச் செயற்கை மூட்டு வச்சிருக்கு.

அப்படியா? உங்க வீட்டம்மாவுக்கும் முட்டிவலியா? அப்பம் நீங்க கட்டாயம் கேக்கணும். இந்த விசயத்துல எனக்குத் தெரிஞ்ச அளவு வெளியாளுக்குத் தெரியாது. பெருமைக்குச் சொல்லல. படிச்சிப் பாஸ் பண்ணவன்.

சிரிக்காதிய. நெசமாத்தான். இப்பம் ஆஸ்பத்திரியில சும்மா போய்ப் படுத்து ஆபரேஷன் பண்ணிக்கிட முடியாது. நாங்க போன இடத்துல முதல்லயே ஆன்லைன்ல ஒரு கிளாஸ் வச்சிருக்காங்க. போனுக்கு ஒரு லிங்க் வரும். தொட்டா வீடியோ ஓடும். ஆபரேஷனுக்கு முன்னால என்ன பயிற்சி செய்யணும், எந்த மாத்திரைய டாக்டர்கிட்டச் சொல்லணும், வாக்கரை எப்படிப் பிடிக்கணும், வீட்டை எப்படி ஒழுங்கு பண்ணணும், எல்லாம் தனித்தனிப் பாடம். ஒவ்வொரு பாடமும் முடிஞ்சதும் கேள்வி கேக்கும். சரியான விடையத் தொட்டாத்தான் அடுத்த பாடம் திறக்கும். இதுபோக சனிக்கிழமை சாயங்காலம் நேரடிக் கிளாஸ். நிலோஃபர்னு ஒரு பிசியோதெரபிப் பொண்ணு எடுக்கும். கட்டம் கட்டமா ஆளுக மூஞ்சி தெரியும், நம்ம சந்தேகத்தைக் கேக்கலாம். நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்க வீட்ல டச் போன் எங்கிட்டதான். அவளுக்குப் பட்டன் போன் போதும். அதனால ஆஸ்பத்திரிக்காரப் பொண்ணு எம் போன்லயே ராஜகனின்னு பேரைப் போட்டுக் குடுத்துட்டு. நான் ஹால்ல நாற்காலியப் போட்டு, போனை ஸ்டாண்டுல நிறுத்தி, கண்ணாடியப் போட்டு உக்காந்துருவேன். "ஏட்டி ராஜகனி, வா, பாடம் ஆரம்பிக்கு"ன்னு கூப்பிடுவேன். அடுக்களையில இருந்து, "இந்தா வாரேன், தோசையத் திருப்பிப் போட்டுட்டு வாரேன்" ங்கா. தோசை எனக்குத்தான், சரி, அது வேற. ஆனா பாடம் தோசைக்காக நிக்குமா? ஓடிக்கிட்டே இருக்கும். அவ தட்டைக் கொண்டுவந்து வைக்கையில வீடியோ முடிஞ்சி கேள்வி வந்திருக்கும். நான் விடையத் தொட்டுருவேன். எல்லாம் சரி. ஒண்ணுகூடத் தப்பில்ல. "என்ன சொன்னான்?"னு கேப்பா. "எல்லாம் நான் மனசுல வாங்கிட்டேன், நேரம் வரும்போது சொல்லுதேன்" னுருவேன்.

நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு? வீட்டுக்கு ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதாதா? வண்டியில டிரைவருக்கு வழி தெரிஞ்சாப் போதும், எல்லாருக்குமா தெரியணும்?

படி ஏறும்போது நல்ல காலு முதல்ல. இறங்கும்போது ஆபரேஷன் பண்ண காலு முதல்ல. முட்டிக்கு அடியில தலகாணி வைக்கக் கூடாது, சொகமாத்தான் இருக்கும், ஆனா காலு நீட்ட வராமப் போயிரும். கணுக்காலை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா ரத்தம் கட்டும். உடம்புல எங்கயாவது புண்ணு, சீழு, பல்லுல கோளாறு இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாலயே சொல்லிரணும், அந்தக் கிருமி போய்ப் புது மூட்டுல உக்காந்துரும். பாத்தியளா, ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

கடைசிப் பாடம் முடிச்ச அன்னைக்கி போன்ல பூவாக் கொட்டுது, "வாழ்த்துகள் ராஜகனி, நீங்கள் தயார்" அப்படின்னு. அவகிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். மாவு கையோட எட்டிப் பாத்துட்டு, "யாரு தயாராம்?" னு கேட்டா. "நீதாம்ட்டி" ன்னேன். திரும்பவும் மாவு பிசையப் போயிட்டா. ஒரு சந்தோசம் வேண்டாமா மனுசிக்கு?

வண்டி எடுத்துட்டான். நல்லவேளை.

வீட்டை ஒழுங்கு பண்ணணும்னு ஒரு பாடம் வருதுல்லா, அதை நான் பண்ண மாதிரி எவனும் பண்ணிருக்க மாட்டான். மிதியடியெல்லாம் தூக்கியாச்சி, கால் தடுக்கும். கக்கூஸ்ல பிடிச்சி எந்திரிக்கக் கம்பி அடிச்சாச்சி. கட்டிலைக் கீழ் ரூமுக்கு இறக்கியாச்சி. அடிக்கடி எடுக்கிற சாமானை இடுப்பு உயரத்துல வைக்கணும்னு வீடியோல சொல்லுதான். நான் என்ன செஞ்சேன், ஆசாரியக் கூப்பிட்டு அடுக்களையில ஒரு வரிசைப் பலகை அடிச்சேன். அவ இடுப்பு உயரத்துக்கு அளவெடுத்து. அரிசி டப்பா, பருப்பு, புளி, இட்லிக் கொப்பரை எல்லாம் அதுல. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். காய் நறுக்க ஒரு உசரமான ஸ்டூலு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் வாக்கரைப் பிடிச்சிக்கிட்டு நேரா அடுக்களைக்குப் போய் அவ பாட்டுக்குச் சமைக்கலாம். ஒரு கஷ்டம் இருக்காது. எந்தப் புருசன் இப்படி யோசிப்பான், சொல்லுங்க?

அவ வந்து பாத்தா. பலகைய ஒரு தடவு தடவுனா. "ரொம்ப நல்லாருக்கு" ன்னா. அவ்வளவுதான்.

பயிற்சியும் செய்ய வைக்கத்தான் செஞ்சேன். மத்தியானம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிட்டு வந்து படுப்பா. நான் பக்கத்துல நின்னு, "காலை நீட்டு, முட்டிய கீழ அமுத்து, தொடைய இறுக்கிப் பிடி, விடு" ம்பேன். ரெண்டு தடவை செய்வா, மூணாவது தடவைக்குப் பாத்தா குறட்டை. என்னத்தச் செய்ய? கிளாஸ்ல "பயிற்சி செய்தீர்களா"ன்னு கேக்கும். நான் "ஆம்" னு தொட்டுருவேன். நம்ம சைடுல சொல்லியாச்சில்லா.

சனிக்கிழமைக் கிளாஸ்ல ஒரு தடவை அந்த நிலோஃபர், "சார், நீங்கதான் பேசுதிய, அம்மா எங்க? அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க" ன்னுச்சி. கூப்பிட்டேன். முந்தானையில கையத் துடைச்சிக்கிட்டு வந்து எனக்குப் பின்னால நின்னா. "அம்மா, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா? பயமா இருக்கா?" ன்னு அது கேக்கு. நான், "பயமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நான் எல்லாம் சொல்லி வச்சிருக்கேன்" ன்னேன். அந்த நேரம் பாத்து அடுப்புல குக்கரு கூவுது. எல்லாருக்கும் இடைஞ்சலா இருக்குமேன்னு நான் மியூட்டைப் போட்டேன். ராஜகனி என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தா. நான் கண்ணாடிய மாத்தி, திரும்ப அந்தப் பட்டனைத் தேடிப் பிடிக்கதுக்குள்ள அவ சொல்லி முடிச்சிட்டா. நிலோஃபர், "அம்மா, கேக்கல, திரும்பச் சொல்லுங்க" ங்கு. இவ, "ஒண்ணும் இல்லம்மா" ன்னுட்டு அடுப்பை அணைக்கப் போயிட்டா. எனக்கும் காதுல விழல. நான் பட்டனைல்லா தேடிக்கிட்டு இருந்தேன்.

பேட்டை தாண்டிட்டோம். இனிமே கொஞ்சம் வேகமா அமுத்துவான்.

ஆஸ்பத்திரியில சேர்க்கப் போன அன்னைக்கி நடந்ததைச் சொல்லுதேன், கேளுங்க. என் வயித்தெரிச்சல் அங்கதான் ஆரம்பிச்சிது. எங்க மக ஓசூர்ல இருக்கா, கைப்பிள்ளைக்காரி, வரமுடியல. அதனால துணைக்கு ராஜகனி தங்கச்சி கோமதி பாவூர்சத்திரத்துல இருந்து வந்திருந்தா. நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம் நீளம். நிலோஃபர் ஒரு வாக்கரைக் கொண்டுவந்து ராஜகனி முன்னால வச்சிது. "அம்மா, கிளாஸ்ல பாத்தியள்ல, இதைப் பிடிச்சி நாலு எட்டு நடந்து காட்டுங்க. ஆபரேஷனுக்குப் பொறவு வலியில கத்துக்கிட முடியாது, இப்பமே பழகியிருக்கணும்."

இவ அந்த வாக்கரைப் பாக்கா, என்னையப் பாக்கா. நான், "முன்னால தூக்கி வை, பொறவு வலது காலு" ன்னு எடுத்துக் குடுத்தேன். நிலோஃபர், "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" ன்னுட்டு. வெளிய இருக்கணுமாம்! கதவு திறந்துதான் இருந்துது, நான் கேட்டுக்கிட்டே நின்னேன்.

"படி ஏறும்போது எந்தக் காலும்மா முதல்ல?"

"தெரியலியேம்மா."

"பயிற்சி தினமும் செஞ்சியளா?"

"செத்த நேரம் செய்வேன், தூக்கம் வந்துரும்."

"ஆனா எல்லாப் பாடத்துலயும் முழு மார்க்கு வாங்கிருக்கியளே?"

அதுக்கு ராஜகனி என்ன சொன்னா தெரியுமா? சிரிச்சிக்கிட்டே சொல்லுதா, "அது அவுக எழுதுன பரீச்சைம்மா."

சிரிச்சிக்கிட்டே! எனக்கு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கன்னு தெரியல. கோமதி வேற வாயப் பொத்திக்கிட்டு நிக்கா.

அதோட விட்டுதா? பொறவு நர்ஸு வந்து, காய்ச்சல் இருக்கா, புண்ணு இருக்கா, பல்லுல ஏதும் இருக்கான்னு கேக்கு. "கடவாப்பல்லு ஒரு மாசத்துக்கு மேலயே வலிக்கும்மா. இந்தப் பக்கம் மெல்லவே முடியல" ங்கா. வாயத் திறக்கச் சொல்லிப் பாத்தா, ஈறு வீங்கிப்போய்ச் சீழு வச்சிருக்கு. டாக்டர் வந்தாரு, பாத்தாரு. "இதை வச்சிக்கிட்டு மூட்டு வைக்க முடியாது. பல்லைச் சரிபண்ணி, மருந்தெடுத்து முடிச்சிட்டு வாங்க. காலுலயும் வலு இல்ல, பயிற்சியையும் ஒழுங்காச் செய்யட்டும்" னுட்டாரு. ஆபரேஷன் தள்ளிப்போச்சி.

எனக்கு வந்தது பாருங்க கோவம். வராந்தாவுலயே கேட்டேன், "ஒரே வீட்ல இருக்கோம், ஒரு மாசமாப் பல்லு வலிக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாட்டி?" ன்னு.

அவ நிதானமாச் சொல்லுதா, "சொன்னேனே. அந்தக் கிளாஸ்ல அந்தப் பிள்ளை கேட்டப்பம் சொன்னேனே. நீங்க பக்கத்துலதான இருந்திய."

மியூட்ல இருந்ததுக்கு நான் என்ன செய்வேன் அண்ணாச்சி? அந்தப் பட்டனு அம்புட்டுச் சின்னதா வச்சிருக்கான்.

கிளாஸ்ல "பல் கோளாறு உண்டா" ன்னு கேள்வி வந்துதுதான். நான் "இல்லை" ன்னு தொட்டேன். எனக்குத் தெரிஞ்சதைத்தான் நான் தொட முடியும்? அவ தெனமும் எனக்கு முன்னால உக்காந்து சாப்பிட்டாத்தான மெல்லுதாளா மெல்லலியான்னு தெரியும். எனக்கு வச்சிட்டு, பொறவு தனியா அடுக்களையில சாப்பிடுதவ. நான் போய் எட்டிப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?

கோமதி அப்பம் ஆரம்பிச்சா. "அத்தான், அக்கா எங்கூட வரட்டும். எங்க ஊர்லயே பல்லைப் பாத்துக்கிடுவோம். கிளாஸையும் எம் போன்லயே படிக்கட்டும்" ங்கா. நான் முடியாதுன்னேன். ராஜகனி என் பக்கம் திரும்பி, "நான் போறேன்" ன்னா. கேக்கல அண்ணாச்சி. கேக்கிறது வேற, சொல்லுதது வேற. இத்தனை வருசத்துல எங்கிட்டக் கேக்காம அவ எங்கயும் போனதில்ல. ஆஸ்பத்திரிக்குன்னு கட்டிக் கொண்டுவந்த பைய எடுத்துக்கிட்டு அப்படியே தங்கச்சிகூட ஆட்டோவுல ஏறிட்டா. வீடு அங்க பளபளன்னு தயாரா நிக்கி. இவ ஏறிப் போறா.

சாயங்காலம் சாயங்காலம் போன் போடுவேன். "பாடம் பாத்தாளா? விடையெல்லாம் ஒழுங்காப் போடுதாளா?" ன்னு. கோமதி எடுத்து, "அக்கா கிளாஸ்ல இருக்கா அத்தான், பொறவு பேசுங்க" ன்னு வச்சிருவா. அவ பள்ளிக்கூடம் போனதே அஞ்சாப்புவரைக்கும்தான். நான் பக்கத்துல இல்லாம என்னத்த விளங்கும்னு எனக்கு இருப்புக் கொள்ளல. சனிக்கிழமை வந்துது. சரி, நாமளும் போய்ப் பாப்போம்னு எம் போன்ல லிங்க்கைத் தொட்டேன். என் மூஞ்சியக் காட்டல. சும்மா பாக்கதுக்கு.

பாத்தா, ஒரு கட்டத்துல ராஜகனி. தலைய அழகாச் சீவி, கோமதி கண்ணாடியப் போட்டுக்கிட்டு, சேர்ல சாய்ஞ்சி உக்காந்திருக்கா. பல்லைப் பிடுங்கி வீக்கமெல்லாம் வத்திட்டு. நிலோஃபர் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" ன்னதும் கையத் தூக்குதா! இவ கையத் தூக்கி நான் பாத்ததே இல்ல.

"எம்மா, ஆபரேஷன் முடிஞ்சி எம்புட்டு நாளைக்கு அடுக்களைக்குப் போகாம இருக்கணும்?"

நிலோஃபர் சொல்லுது, "முதல் சில வாரம் ரொம்ப நேரம் நிக்கக் கூடாதும்மா. சமையலை வேற யாராவது பாத்துக்கிடணும். நீங்க பயிற்சியும் ஓய்வும்தான்."

உடனே இவ, "அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, இங்க எல்லாரும் கேக்கட்டும்" ங்கா. கட்டத்துல இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் சிரிக்காங்க. வள்ளியூர்ல இருந்து ஒரு அம்மா கையத் தட்டிச் சிரிக்கி. இதுல சிரிக்கதுக்கு என்ன இருக்குன்னு எனக்கு இன்னைக்கிவரை விளங்கல.

எனக்கு மனசு கேக்கல. மைக்கைப் போட்டு, "அடுக்களையப் பத்திக் கவலையே வேண்டாம்மா, நான் எல்லாம் இடுப்பு உயரத்துல வச்சிருக்கேன், அவ நின்னபடியே சமைக்கலாம்" ன்னேன்.

நிலோஃபர் போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாக்கு. "இங்க ரெண்டு ராஜகனின்னு காட்டுதே. இதுல பேஷன்ட் யாரு?"

எம் போன்ல அந்தப் பேருதான இருக்கு! நான் "அது வந்து..." ன்னு சொல்ல ஆரம்பிக்கதுக்குள்ள, இவ திரும்பவும் கையத் தூக்கிட்டா.

"நான்தாம்மா ராஜகனி. என் காலுதான். அது எங்க வீட்டுக்காரவுக. அவுக ஏற்கெனவே பாஸ் பண்ணிட்டாவ."

என்னைய எடுத்து வெளிய போட்டுட்டாங்க அண்ணாச்சி. மரியாதையாத்தான், "சார், இது நோயாளிகளுக்கான நேரம், உங்களுக்குத் தனியா ஒரு கிளாஸ் இருக்கு, கூடவே இருந்து பாத்துக்கிடுதவங்களுக்கு" ன்னுச்சி. எனக்கு எதுக்கு அது? நான் பெரிய கிளாஸையே முடிச்சவன்.

சீதபற்பநல்லூரா இது? பாருங்க, இங்க எதுக்கு இவ்வளவு நேரம் போடுதான்?

பொறவு ஆபரேஷன் நடந்துது. நல்லபடியா நடந்துது, அதைச் சொல்லணும். அன்னைக்கி நான் ஆபரேஷன் ரூம் வாசல்ல நின்ன நிப்பு எனக்குத்தான் தெரியும். பாடத்துல எல்லாம் சொன்னான், வாசல்ல நிக்கிறவன் என்ன செய்யணும்னு ஒருத்தனும் சொல்லல. கோமதி காப்பி வாங்கிட்டு வந்து குடுத்தா. குடிக்க முடியல.

மறுநாளே நடக்க வச்சிட்டாங்க. வாக்கரைப் பிடிச்சி நிக்கா. மூஞ்சியில வலி தெரியுது. நான், "முதல்ல வாக்கரு, பொறவு வலது..." ன்னு ஆரம்பிச்சேன். "தெரியும்" ன்னா. அந்த ஒரு வார்த்தைதான். பல்லைக் கடிச்சிக்கிட்டுப் போனா. வராந்தா முடியிறவரைக்கும் போய், திரும்பியும் வந்தா. நிலோஃபர் கையப் பிடிச்சிக் குலுக்குது.

வீட்டுக்குப் போகச் சொன்ன அன்னைக்கி நான் கார் பிடிச்சி, முன் சீட்டைப் பின்னால தள்ளி வைக்கச் சொல்லி, எல்லாம் பாடத்துல சொன்ன மாதிரித் தயாரா நிறுத்தியிருக்கேன். நிலோஃபர் கேக்கு, "அம்மா, எந்த வீட்டுக்குப் போறிய?" எதுக்கு இப்படி ஒரு கேள்வி? மனுசிக்கு எத்தனை வீடு? ஆனா இவ, "தங்கச்சி வீட்டுக்கும்மா" ங்கா.

"ஏட்டி, நான் கம்பி அடிச்சி வச்சிருக்கேன், கட்டிலை இறக்கி வச்சிருக்கேன், அடுக்களையில பலகை..."

என் கையத் தொட்டா. "எல்லாம் செஞ்சிருக்கிய. எனக்குத் தெரியும். நான் அங்க இருந்து தேறிட்டு வாரேன்" ன்னா. கார் நான் பிடிச்சது. அதுலதான் பாவூர்சத்திரம் போனா. நான் பஸ்ஸுல வீட்டுக்கு வந்தேன்.

பொறவு நான் போகல. எதுக்குப் போகணும்? வேண்டாம்னுட்டுப் போனவ வீட்டு வாசல்ல போய் நிக்க எனக்கு மானம் இல்லியா? போன் பேசுவா. "சாப்பிட்டியளா?" ம்பா. "சாப்பிட்டேன்" ம்பேன். என்னத்தச் சாப்பிட? மெஸ்ல ஒரு குழம்பு வைக்கான், வாயில வைக்க முடியாது. சரி, நாமளே ஒரு ரசம் வைப்போம்னு அடுக்களைக்குப் போனா, அந்தப் பலகை அவ உயரத்துக்கு அடிச்சதுல்லா, நான் குனிஞ்சி குனிஞ்சி எடுத்து இடுப்பு விட்டுப்போச்சி. ஆத்திரத்துல ஒருநாள் புளி டப்பாவை எடுத்து மேல வச்சேன். பொறவு அவ வந்தா எட்டாதேன்னு திரும்பவும் கீழயே வச்சிட்டேன்.

என்ன கேக்கிய? அவகிட்டக் கேட்டேனாவா? என்னத்தைக் கேக்க? "எதுக்கு அங்க போனே" ன்னா? அதைக் கேக்காமலா இருந்தேன், நூறு தடவை கேட்டுட்டேன். அப்படி இல்லியா? "உனக்கு என்ன வேணும்" னா?

அது கேக்கல.

அதை எதுக்குக் கேக்கணும்? எல்லாம் பாடத்துலயே இருக்குல்லா, நோயாளிக்கு என்ன வேணும்னு.

இப்பம் எதுக்குப் போறேன்னா, நேத்து கோமதி போன்ல சொல்லுதா, டாக்டரு இடது முட்டியையும் மாத்தணும்னு சொல்லிட்டாராம். அக்கா சரின்னுட்டாளாம். அதுக்கும் கிளாஸ் இங்க இருந்தே படிச்சிக்கிடுதேன்னு சொல்லுதாளாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. ஒரு காலுக்குப் போனவ ரெண்டாவது காலுக்கும் அங்கயே இருந்தா, ஊர்ல நாலு பேரு என்ன நினைப்பான்? அதான், நேர்ல போய்ப் பேசி முடிச்சிருவோம்னு கிளம்பிட்டேன். வாரேன்னு மட்டும் சொன்னேன். "வாங்க. கூட்டிட்டுப் போக வராதிய, சும்மா பாக்க வாங்க" ன்னா. பாப்போம்.

வெறுங்கையோட போகல. இந்தப் பையில அவளுக்குன்னு ஒரு டச் போன் வாங்கி வச்சிருக்கேன். பெரிய எழுத்தாத் தெரியும். ரெண்டாவது முட்டிக்கு உம் போன்லயே நீயே படிச்சிக்கோ, நான் தலையிடலன்னு சொல்லலாம்னு இருக்கேன். நெசமாத்தான் அண்ணாச்சி. நான் ஒண்ணும் விளங்காதவன் இல்ல. அந்தக் கிளாஸையும் அதுல ஏத்திட்டேன். முதல் பாடத்தை மட்டும் பாத்து, கேள்விக்கு விடையும் போட்டு வச்சிட்டேன். சும்மா, ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கதுக்குத்தான்.

ஏன் அப்படிப் பாக்கிய?

சரி, வந்துட்டு. ஆலங்குளம் போனதே தெரியல பாருங்க, பேச்சுல. இதான் பாவூர்சத்திரம். சந்தை நாளா என்னமோ, கூட்டமாக் கெடக்கு, வண்டி ஊர்ந்துதான் போகும். அந்தத் தக்காளிக் கூடையெல்லாம் ரோட்டுலயே இறக்கி வச்சிருக்கான். நான் மெதுவா எந்திரிக்கேன். நான் சொன்னதையெல்லாம் உங்க வீட்டம்மாவுக்கு ஞாபகமாச் சொல்லுங்க. பல்லைப் பாக்கச் சொல்லுங்க.

அந்தா, அங்க பாருங்க அண்ணாச்சி. வாழத்தார்க் கடையத் தாண்டி ஒரு பொம்பள வாரா, தெரியுதா? அந்தப் பச்சைச் சேலை. அதுவும் ஆபரேஷன் பண்ண காலுதான், பாத்ததும் சொல்லிருவேன் நான். கையில கம்பு இருக்கு, ஆனா பாரத்தை அதுல போடல, பாத்தியளா? குதிங்காலை முதல்ல ஊனி, பொறவு விரலு. கண்ணு தரையில இல்ல, நேராப் பாக்கா. வீடியோல இப்படித்தான் நடந்து காட்டுவான். எவ்வளவு நிமிர்ந்து நடக்கா பாருங்க! யாரோ கூடவே இருந்து நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கான். ராஜகனியும் இப்படி நடக்கணும்னுதான் நான் இம்புட்டுப் பாடுபட்டது. அவளும் எங்கூட வந்து இருந்தான்னா ஒரு ரெண்டு மாசத்துல இதே மாதிரி...

கடைக்காரன்கிட்ட என்னமோ சொல்லிச் சிரிக்கா.

அண்ணாச்சி.

அது அவதான்.

அவ நடையே எனக்குத் தெரியலியே அண்ணாச்சி. முட்டி வலிக்கு முன்னால அவ எப்படி நடப்பான்னு இப்பம் யோசிச்சிப் பாக்கேன், வர மாட்டேங்கி. ஞாபகம் இருந்தாத்தான? எங்க போனாலும் நான் முன்னால போவேன், அவ பின்னால வருவா. திரும்பி எங்க பாத்தேன்?

இல்ல, கூப்பிடாதிய. கையக் காட்டாதிய. அவ என்னையப் பாக்கல. என்னையக் கூப்பிடத்தான் வாரா போல, இம்புட்டுத் தூரம் நடந்து. செத்த நேரம் அவ பாட்டுக்கு நடக்கட்டும்.

இறங்குதேன், இறங்குதேன் கண்டக்டர் தம்பி, கத்தாத. மனுசன் ஒரு நிமிசம் நின்னு பாக்கக்கூட விட மாட்டியளா?